நன்கொடை வேண்டுகோள்: மூலமும் உரையும்

டிசம்பர், ஜனவரி வந்தால் கோவைக் கல்லூரிகளில் பழைய பேட்ச்கள் கூடும். கூடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு பக்க வேண்டுகோள் வந்து சேரும். ‘அன்பார்ந்த முன்னாள் மாணவரே’ என்று தொடங்கி வங்கிக் கணக்கு எண்ணோடு முடியும் அந்தப் பக்கத்தில், நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது இரண்டைத்தான்: எவ்வளவு கேட்கிறார்கள், நம்மோடு படித்தவர் எவ்வளவு போட்டிருக்கிறார். நடுவில் உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை. பணம் எங்கே போகும், எப்படிப் போகும், போகாமல் எங்கே தங்கும் என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. அதனால் அவற்றுக்கு ஓர் உரை.

மூலமாகக் கொண்டிருப்பது எந்த ஒரு கல்லூரியின் அறிக்கையும் அன்று. இவ்வகை வேண்டுகோள்களில் வழக்கமாக வரும் வரிகளைக் கோத்து, உரைக்காக நானே அமைத்த மாதிரி. அதிலுள்ள தொகைகளும் மாதிரிக்கே. உரையில் வரும் ஊர், பெயர், ஆண்டு, சட்டம் எல்லாம் உள்ளபடியே.

1. ‘நம்மை ஆளாக்கிய கல்லூரிக்கு நன்றிக்கடன் செலுத்தும் நேரம் இது.’

கொங்கு நாட்டில் கல்லூரி கட்டப் பணம் தேடியவர்கள் முற்காலத்தில் முன்னாள் மாணவரிடம் போகவில்லை. பணம் வந்த வழியே வேறு. பீளமேட்டு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வர் 1926-இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. சுமார் 2 லட்சம் ரூபாய். பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) அறநிலையம் அப்படித்தான் தொடங்கியது. 1947-இல் கலைக் கல்லூரியும் 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் அந்த ஐந்தாவது பங்கிலிருந்து கிளைத்தவை. தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கித் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியை 1984-இல் தொடங்கியது 41 அறங்காவலர்கள் சேர்ந்த ஓர் அறக்கட்டளை.

குடும்பத்தின் பங்கு, தனியொருவரின் வாழ்க்கை, பலர் சேர்ந்த அறக்கட்டளை என வழிகள் மூன்றானாலும் பொதுவான ஒன்று உண்டு. கொடுத்தவரே நடத்தினார். சுவர் விரிசல் விட்டால் கொடுத்தவர் கண்ணில்தான் முதலில் படும். கணக்கைக் கேட்பவரும் எழுதுபவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் வரிக்கு வரி வாக்குறுதி எழுதித் தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முன்னாள் மாணவர் நன்கொடை வேறு வகை. கொடுப்பவர் சான்ஹோசேயிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கிறார், நடத்துபவர் வேறொருவர். இடையில் இருப்பது இந்த ஒரு பக்கம்தான். ஆகவே இதில் எழுதப்பட்டது மட்டுமே அவருக்குப் பிடி. எழுதப்படாததை நம்பிக் கொடுத்தால் பின்னால் கேட்க ஆதாரம் இராது.

‘நன்றிக்கடன்’ எல்லோருக்கும் ஒரே அளவில் உறைப்பதுமில்லை. தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்து வெளியேறியவருக்கு இந்த வரி நேராகப் போய்ச் சேரும். 1984-க்குப் பிறகு வந்த சுயநிதிக் கல்லூரிகளில் படித்தவர்களில் பலர், ‘ஏனுங்க, காசு கட்டித்தானுங்களே படிச்சோம்’ என்பார்கள். நியாயமான கேள்விதான். சேர்க்கைக்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடுக்க 1992-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு இருக்கும் இடத்தில் உணர்ச்சி வரி எடுபடாது. அங்கே எடுபடுவது அடுத்த வரிதான்.

2. ‘விடுதியைப் புதுப்பிக்கவும், ஆய்வகத்தை நவீனப்படுத்தவும், கலையரங்கம் கட்டவும் 10 கோடி ரூபாய் திரட்ட முடிவு செய்துள்ளோம்.’

மூன்று வேலை, ஒரே தொகை. எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. பிரிக்காமல் விட்டால் கலையரங்கம் முந்திக்கொள்ளும். அதற்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு, மேடை உண்டு, மேடையில் உட்கார நாற்காலிகள் உண்டு. விடுதியில் குழாய் மாற்றியதற்கு யாரை அழைத்து ரிப்பன் வெட்டச் சொல்வது?

பழைய விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். குளியலறை வாசலில் ஆள் நிற்பதில்லை, வாளிகள் நிற்கும். ஒவ்வொரு வாளியும் ஒரு மாணவரின் முறை. குழாயைத் திறந்தால் முதலில் காற்றுச் சத்தம், பிறகு செம்பழுப்பு நீர், பிறகு விரல் கனத்தில் ஓர் ஒழுக்கு. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். சுவருக்குள் போகும் பழைய இரும்புக் குழாயின் உட்புறம் துரு ஏறி, துளை சுருங்கிப் போயிருக்கும். தொட்டிக்கு அடுத்த மாடி என்பதால் நீரின் அழுத்தமும் அங்கே குறைவு. தரைத்தளத்துக்குப் போதுமான தண்ணீர் மேலே வராததன் காரணம் இவ்வளவுதான். நாடு முழுதும் பம்புசெட் அனுப்பும் ஊரில், பம்பு வடிவமைக்கப் படிக்கும் பிள்ளைகள் வாளியோடு கீழே இறங்குகிறார்கள். சுவரை உடைத்து, குழாயை மாற்றி, திரும்பப் பூசி வெள்ளையடித்தால் எல்லாம் முன்பு இருந்தபடியே தெரியும். செலவு செய்ததற்கான அடையாளமே இருக்காது. புகைப்படத்தில் வராத இப்படிப்பட்ட வேலைகள்தான் வளாகத்தில் அதிகம்: ஒயரிங் மாற்றுவது, கழிவுநீர்த் தொட்டி, ஒழுகும் தளம், சாய்தளப் பாதை.

ஆகவே இந்த வரியைப் படித்ததும் பிரிப்புப் பட்டியலைக் கேட்க வேண்டும். ‘கல்லூரி வளர்ச்சிக்கு’ என்று கொடுத்த பணத்தை நிர்வாகக் குழு எதற்கும் செலவிடலாம், அதில் தவறுமில்லை. ‘விடுதிக் குழாய் வேலைக்கு’ என்று கடிதத்தில் எழுதி, ரசீதின் நோக்கம் என்ற கட்டத்திலும் அதையே எழுதி வாங்கிக் கொடுத்த பணம் அந்த வேலைக்குக் கட்டுப்பட்டது. வித்தியாசம் ஒரு கட்டத்தை நிரப்புவதில் இருக்கிறது.

அரசுக் கல்லூரியானால் இன்னொரு படி உண்டு. கட்டடம் அரசின் சொத்து. பணம் கையில் இருக்கிறது என்பதற்காக முன்னாள் மாணவர் சங்கமே கொத்தனாரை அழைத்து வேலையைத் தொடங்கிவிட முடியாது. துறையின் அனுமதி, பொதுப்பணித்துறையின் மதிப்பீடு எல்லாம் வேண்டும். தாமதமாகும், ஆனால் கட்டி முடித்தபின் பராமரிப்புக்கு அரசைக் கேட்க உரிமையும் கிடைக்கும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைச் சேர்க்கும் முறையும் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதே. 1990-களில் வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தின் அடிப்படை அதுதான்.

3. ‘இதுவரை 4 கோடி ரூபாய்க்கு உறுதி கிடைத்துள்ளது.’

‘உறுதி’ வேறு, ‘வரவு’ வேறு. நிதி திரட்டும் இயக்கங்கள் பெரும்பாலும் வெளியே அறிவிக்கும் முன் சிலரை மட்டும் தனியே பார்த்துப் பேசும். இலக்கில் கணிசமான பகுதிக்கு வாக்கு வாங்கிய பிறகுதான் அறிவிப்பு வரும். வெறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் யாரும் முதல் ஆளாக முன்வர மாட்டார்கள் என்பது அனுபவம்.

அந்தச் சிலரின் கனம் பெரிது. சென்னை ஐஐடி 2023–24 நிதியாண்டில் திரட்டியது 513 கோடி ரூபாய். அடுத்த சில மாதங்களில், 2024 ஆகஸ்டில், அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி ரூபாய் தர ஒப்பந்தம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு, மும்பை ஐஐடியில் தாம் சேர்ந்த ஐம்பதாவது ஆண்டையொட்டி நந்தன் நிலேகனி 315 கோடி தருவதாக அறிவித்தார். ஆயிரம் பேர் ஆயிரம் ரூபாய் போட்டால் 10 லட்சம். இலக்கை எட்ட வைப்பது மேலே இருக்கும் பத்துப் பேர். கீழே இருக்கும் ஆயிரம் பேர் சேர்ப்பது வேறொன்று: கேள்வி கேட்க ஆயிரம் பேர்.

வாட்ஸ்அப்பில் பெயரும் தொகையுமாக ஓடும் பட்டியல் மொய் நோட்டைப் போன்றதுதான். முதலில் எழுதியவரின் தொகை அடுத்தவரின் தொகையை நிர்ணயிக்கும். ஆனால் மொய் திரும்பி வரும் என்று எழுதுவது. இங்கே எழுதியது திரும்பாது. சில சமயம் வந்தே சேராது.

வராத உறுதியைச் சட்டப்படி கேட்க முடியுமா? இந்தக் கேள்வி இந்திய நீதிமன்றங்களுக்குப் பழையது. ஹவுராவில் நகர மண்டபம் கட்டச் சந்தாப் பட்டியல் போட்டார்கள். ஒருவர் 100 ரூபாய் எழுதினார். பட்டியலை நம்பி ஒப்பந்ததாரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் தராமல் போக, தந்தே ஆகவேண்டும் என்று 1886-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் சொல்லை நம்பி இன்னொருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் அந்தச் சொல் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். 1930-களில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த கோயில் திருப்பணி வழக்கு ஒன்றில் வேலை முன்பே தொடங்கியிருந்தது; சந்தாப் பட்டியல் பிறகுதான் வந்தது. அங்கே எழுதியவர் கட்டுப்பட்டவர் அல்லர் என்றாயிற்று. கல்லூரிகள் முன்னாள் மாணவர் மேல் வழக்குப் போடப் போவதில்லை. ஆனாலும் நிர்வாகத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உறுதியை நம்பி ஒப்பந்தம் போடலாம், தூண் எழுப்பலாம். தளம் போடும் வேளையில் கையில் இருப்பது வரவு மட்டுமே. ‘உறுதி 4 கோடி, வரவு இவ்வளவு, மீதி எந்தெந்தத் தவணையில்’ என்று மூன்று எண்ணாக எழுதும் சங்கத்தை நம்பலாம்.

4. ‘நிறுவனங்கள் தம் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து வழங்கலாம். வெளிநாடுவாழ் நண்பர்களும் பங்கேற்கலாம்.’

ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும் இவை இரண்டு தனி வாசல்கள். இரண்டிலும் காவல் உண்டு.

கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களையும் தொடுவதில்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிதான் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கணபதியிலும் சிட்கோவிலும் லேத் பட்டறையோ வார்ப்புத் தொழிற்சாலையோ நடத்தும் பழைய மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். அவர்கள் தருவது தம் சொந்தப் பணம். அதை ‘சிஎஸ்ஆர்’ என்று கேட்பது அவர்களின் கொடையைக் கடமையாக்கிச் சிறுமைப்படுத்துவது.

வரம்புக்குள் வரும் பெரிய மில்களும் பம்பு கம்பெனிகளும் கொடுக்கும்போது, அந்தப் பணத்துக்கு ஒரு நாள்காட்டி உண்டு. நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும். தொடர் திட்டமாக அறிவித்தால் அதன்பின் மூன்றாண்டு வரை நீட்டலாம். ஆகவே மார்ச்சுக்குள் வாங்கி, நிறுவி, படமெடுத்து, பயன்பாட்டுச் சான்று தரக்கூடிய பொருளுக்கே அது பாயும். கணினி, ஆய்வகக் கருவி, சூரியத் தகடு. இயந்திரம் வந்துவிடும்; அதை இயக்க ஆளும், ஆண்டுப் பராமரிப்புக்குப் பணமும் அந்தத் தலைப்பில் வராது. தூசி படியாமல் இருக்கத் துணி போர்த்தி நிற்கும் சிஎன்சி இயந்திரங்கள் இப்படி உருவாகின்றன. வாங்கும் நாளிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் திட்டச் செலவில் சேர்த்துக் கேட்பதே இதற்கு மருந்து.

வெளிநாட்டு வாசலில் கேட்கப்படுவது பாஸ்போர்ட். அமெரிக்காவில் முப்பது ஆண்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் படித்தவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவு வேண்டும். அச்சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. எனவே சங்கம் வாங்கிக் கல்லூரிக்குக் கொடுக்கும் பழைய வழி இதில் அடைபட்டது. எந்தப் பெயரிலுள்ள பதிவு, எந்தக் கணக்கு என்பதை வேண்டுகோள் தனியே சொல்ல வேண்டும். ஒரே கணக்கு எண்ணை எல்லோருக்கும் கொடுத்திருந்தால் எழுதியவர் இதை யோசிக்கவில்லை என்று பொருள்.

5. ‘நன்கொடைகளுக்கு 80ஜி வரிச்சலுகை உண்டு.’

வேண்டுகோளில் மிகச் சிறிய வரி. மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் வரியும் இதுவே. 2025-இல் புதிய வருமானவரிச் சட்டம் நிறைவேறிப் பிரிவு எண்கள் மாறின. பேச்சில் மட்டும் 80ஜி அப்படியே நிற்கிறது.

ஒரு தனியார் கல்லூரி அறக்கட்டளைக்கு 1 லட்சம் கொடுத்தால் 1 லட்சம் வரி குறையாது. பொதுவாக அதில் பாதி, 50,000 ரூபாய், வருமானத்திலிருந்து கழியும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 15,000 ரூபாயும் அதன் மேல்வரியும். அதுவும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்புக்குள். புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது. 2023–24 முதல் புதிய முறையே இயல்பான தேர்வு என்பதால், சம்பளக்காரர்களில் பலருக்கு இந்த வரி இப்போது வெறும் அலங்காரம்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. நூறு பெஞ்சு வாங்கி லாரியில் இறக்கியவருக்கு நன்றிக் கடிதம் கிடைக்கும். வரிக் கழிவு கிடைக்காது. பெஞ்சுக்கான பணத்தைக் கல்லூரிக்கு அனுப்பி, கல்லூரி வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும்.

பிறகு சான்றிதழ். 2021–22 முதல், கல்லூரி தான் வாங்கிய ஒவ்வொரு நன்கொடையையும் கொடுத்தவரின் பான் எண்ணோடு வருமானவரித் துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்ற சான்றிதழைப் பதிவிறக்கித் தர வேண்டும். அச்சடித்த ரசீது மட்டும் இப்போது போதாது. இதில் ஒரு நல்ல விளைவும் உண்டு. கல்லூரி எவ்வளவு வாங்கியது என்பது துறையின் கணக்கில் பெயர் வாரியாக ஏறிவிடுகிறது. 10பிஇ தர இழுத்தடிக்கும் சங்கத்தைப் பார்த்தால், சான்றிதழைக் காட்டிலும் கணக்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

6. ‘25 லட்சத்துக்கு மேல் வழங்குவோர் பெயர் வகுப்பறைக்குச் சூட்டப்படும்.’

பெயருக்காகக் கொடுப்பதை இளக்காரமாகப் பேசுவது எளிது. அந்த ஆசை இல்லையென்றால் பாதிக் கட்டடங்கள் இரா. கேட்க வேண்டியது இரண்டே: எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையில்?

வரித்துறையும் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. நன்கொடையாளர் பெயரைப் பலகையில் எழுதினால் அது விளம்பரச் சேவையா, அதற்கு ஜிஎஸ்டி உண்டா என்ற குழப்பம் எழுந்தபோது 2019 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நன்றிக்காகப் பெயர் மட்டும் எழுதி, வணிக விளம்பரம் எதுவும் இல்லாமல் இருந்தால் வரி இல்லை. தந்தையின் நினைவாக இன்னார் கொடுத்தது என்று அறைக்கதவில் எழுதுவது நன்றி. கம்பெனியின் சரக்கையும் அதன் பெருமையையும் சேர்த்து எழுதினால் அது வியாபாரம்.

பெயர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்குக் கோவையைவிட நல்ல பாடம் கிடையாது. 1945-இல் ஜி.டி. நாயுடுவின் கொடையில் பீளமேட்டில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. முதல்வராக இருந்தவரும் அவரே. பெயர் மட்டும் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்புடையது. நான்காண்டுப் படிப்பு வீண், குறைந்த காலத்தில் முடிக்கலாம் என்று நாயுடு வாதாடினார், அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். கல்லூரி தடாகம் சாலைக்குப் பெயர்ந்து அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. போன கல்லூரியின் பெயர் பேருந்து நிறுத்தத்தில் தங்கிவிட்டது. ‘ஹோப்ஸ் எறங்குங்க’ என்று கண்டக்டர் இன்றும் கூவுகிறார். ஹோப் யார் என்று இறங்குகிறவருக்குத் தெரியாது. 2025 அக்டோபரில் திறந்த அவினாசி சாலை மேம்பாலத்துக்கு நாயுடுவின் பெயர் வைத்தார்கள். கொடுத்தவர் பெயர் மேலே ஓடுகிறது, ஆண்டவர் பெயர் கீழே நிற்கிறது. இரண்டுமே கல்லூரியில் இல்லை.

எனவே 25 லட்சம் கொடுப்பவர் எழுதி வாங்க வேண்டியது: கட்டடம் இருக்கும் வரையா, இத்தனை ஆண்டுக்கா, இடித்துக் கட்டினால் பெயர் தொடருமா, வகுப்பறை கிடங்காக மாறினால் என்ன ஆகும். கல்லூரியும் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: பெயருக்குரியவரால் களங்கம் நேர்ந்தால் எடுத்துவிடும் உரிமை.

7. ‘திரட்டும் தொகையில் ஒரு பகுதி மூலநிதியாக வைக்கப்படும்.’

அறிக்கையில் கடைசிக்கு முந்தைய வரியாக, போகிற போக்கில் சொல்லப்படுவது. எனக்கு இதுவே தலையான வரி.

மூலநிதி என்பது தொடாமல் வைக்கும் பணம். அதன் வட்டி மட்டுமே செலவுக்கு. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, அந்தப் பணத்தில் யாருக்கும் சம்பளம் போகவில்லை. அது ஈட்டுவதில்தான் போகிறது. இரு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் சேர்த்து, உலகத் தமிழர் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்து 2018-இல் அது நிறைந்தது. ஒரே ஓர் ஆசிரியர் பதவி என்றென்றும் நிற்க அவ்வளவு பெரிய தொகை வேண்டியிருந்தது என்பதை வளாகக் கட்டடங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

கணக்கு போடுவோம். 1 கோடி ரூபாய் மூலநிதி, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால், நிதியின் மதிப்பு தேயாமல் இருக்க அதில் 5 லட்சத்தைத் திரும்ப மூலத்திலேயே போட வேண்டும். செலவுக்கு மிஞ்சுவது 2 லட்சம். ஒரு விடுதிக் கட்டடத்தின் வெள்ளையடிப்புக்குக்கூடத் தாங்காது. ஆனால் அறக்கட்டளைகளுக்கான வரிச் சட்டம் பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கேள்வியின்றி ஒதுக்கிக்கொள்ளலாம் என்பது 15 சதவீதம். நம் கணக்கில் 1,05,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு மேல் போகாதபடி நோக்கம் சொல்லிச் சேர்த்து வைக்க வழி உண்டு என்றாலும், அதுவும் கடைசியில் செலவுக்கே. ஆகவே மூலநிதி தானாக வளராது. புதிதாக மூலநிதிக் கொடை வந்துகொண்டே இருந்தால்தான் அதன் பலம் நிற்கும்.

அப்படி வரும் கொடைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கொடுப்பவர் ‘இது மூலநிதிக்கு’ என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது வருமானமாகக் கொள்ளப்படாது, தனியாக முதலீடு செய்து வைக்கலாம். சொல்லாமல் வந்த பணம் அந்த ஆண்டின் வருமானம். செலவாக வேண்டிய பணம். ‘ஒரு பகுதி வைக்கப்படும்’ என்று சங்கம் தானாகச் சொல்வதால் எதுவும் மூலநிதி ஆகிவிடாது. கொடுப்பவர் கையெழுத்துதான் அதை ஆக்கும்.

கலையரங்கத்துக்கு 5 கோடி கொடுக்க முன்வருபவரிடம், 4 கோடி கட்டடத்துக்கு, 1 கோடி அதன் பராமரிப்பு மூலநிதிக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லும் துணிச்சல் நிர்வாகத்துக்கு வேண்டும். பராமரிப்புக்கு வழியில்லாத கட்டடத்தை வாங்கிக்கொள்ளும் கல்லூரி, அடுத்த தலைமுறை மாணவர்களின் கட்டணத்தில் அதன் செலவை ஏற்றுகிறது.

8. ‘வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் பேரவையில் வைக்கப்படும்.’

முன்னாள் மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆண்டுப் பேரவை கூட்டுவதும் கணக்கை முன்வைப்பதும் சங்கத்தின் கடமை. ஆகையால் இந்த வரி சலுகை எதையும் தரவில்லை. ஏற்கெனவே உள்ள உரிமையை நினைவூட்டுகிறது.

கணக்கு வைப்பார்கள். கேட்பவர் இருப்பாரா என்பதே கேள்வி. பேரவை வழக்கமாகக் கூடல் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் நடக்கும். செயலாளர் வேகமாக வாசிப்பார், ‘ஒருமனதாக’ நிறைவேறும், பிரியாணிக்கு வரிசை நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து, ‘போன வருசம் விடுதிக்குன்னு வாங்கினதுல மிச்சம் எவ்வளவுங்க, அது எந்தக் கணக்குல இருக்குதுங்க?’ என்று கேட்டால் கூட்டத்துக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கும். பொது அறக்கட்டளைப் பணம் திசைமாறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அந்த வழியைவிட, பேரவையில் எழுந்து கேட்கும் ஒரு நிமிடச் சங்கடம் எவ்வளவோ மலிவு.

ஐந்தாவது பங்கைக் கொடுத்த குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. கொடுப்பவரும் நடத்துபவரும் வேறானபின், நடத்துபவருக்கு எழுதுவது கடமை, கொடுப்பவருக்குக் கேட்பது கடமை. பணம் அனுப்பியதோடு கொடை பாதிதான் முடிகிறது. பேரவைக்குப் போய்க் கணக்கைப் படித்துப் பார்ப்பது மீதிப் பாதி.